மாப்பிள்ளை சஷ்டியும் அடிக்குறிப்பு ஆறும்

எங்கள் மாவட்டத்தில் விலைவாசி ஏறவில்லை. இதை நான் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்கிறது. வங்காளத்தில், சின்சுராவில் கங்கைக் கரையோரம், காரை பெயர்ந்த ஒரு மஞ்சள் கட்டடத்தில் 'மாவட்ட விலைவாசி நிதானப் பணியகம்' என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. மழையோ வெயிலோ, மாதம் ஏழாம் தேதி அங்கிருந்து ஓர் அறிக்கை வரும். விலைவாசி நிதானமாக இருக்கிறது என்று அதில் போட்டிருக்கும். கடைசிப் பக்கத்தில் 'சௌம்யகாந்தி மொய்த்ரா, உதவித் துணை இயக்குநர் (உணவுக் கூடை)' என்று பச்சை மையில் ஒரு கையெழுத்தும் இருக்கும்.

இந்தச் சௌம்யகாந்தி எங்கள் வீட்டு மாப்பிள்ளை. எங்கள் வீடு என்றால், இருபத்தாறு வருஷமாக நான் மாடியில் குடியிருக்கும் வீடு. கீழே இருப்பவர்கள்தான் வீட்டுக்காரர்கள். அவனீமோகன் பாதுரி தனியார் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர், பரம சாது. அவர் மனைவி ஹிரண்மயீ அவ்வளவு சாது இல்லை. இவர்களுடைய ஒரே பெண் துல்துல்லைத்தான் மேற்படி பச்சைக் கையெழுத்துக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நான் சணல் ஆலை ஆபீஸில் காலம் தள்ளிவிட்டு, ஆலையை இழுத்து மூடின பிறகும் கும்பகோணம் திரும்பாமல் இங்கேயே ஒட்டிக்கொண்ட மதராஸி. என் வாடகை பழைய வாடகை. அதை நான் யாருக்கும் ஞாபகப்படுத்துவதில்லை.

அவனீமோகனுக்குப் பள்ளி அறக்கட்டளை கொடுக்கும் ஓய்வூதியம் சொற்பம். அதன்மேல் பஞ்சப்படி என்று மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வந்துகொண்டிருந்தது. அறக்கட்டளை நியாயத்துக்குக் கட்டுப்பட்டது. பணியகத்தின் அறிக்கையில் விலை ஏறினால் பஞ்சப்படி ஏறும், இறங்கினால் இறங்கும். பதினாலு மாதமாக அறிக்கையில் விலை இறங்கிக்கொண்டே வந்ததால் பஞ்சப்படி அறுநூற்று நாற்பதில் வந்து நின்றது.

கடைத்தெருவில் கடுகெண்ணெயும் மீனும் போட்டி போட்டுக்கொண்டு ஏறின என்பது வேறு விஷயம். இந்த ஊரில் காலையில் பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவது ஆண்பிள்ளைகளின் உத்தியோகம். முன்பெல்லாம் அவனீமோகனுக்கு அது ஒரு மணி நேர வேலை. இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது. வாங்குவது குறைந்து, பார்ப்பது கூடிவிட்டது. இலிஷ் மீன் விற்கும் நிமாயி கடை முன்னால் நின்று, செத்துப்போன சிநேகிதனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, பையில் இரண்டு சுரைக்காயோடு திரும்புவார்.

அது போகட்டும், மீன் இல்லாவிட்டால் உயிரா போய்விடும்? மாத்திரை அப்படி இல்லை. அவருக்கும் எனக்கும் ரத்த அழுத்தம். ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. அவர் சித்திரையிலிருந்து மாத்திரையைப் பிளேடால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை விழுங்கி, மறு பாதியைக் காகிதத்தில் மடித்து நாளைக்கு என்று வைக்கிறார். இது எனக்குத் தெரியும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தெரியாது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் மூக்கால் அழுகிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

பணியகம் விலை சேகரிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அபாண்டமாகப் பழி போடுகிறேன் என்பீர்கள். மாதம் ஒருநாள் கோப்பும் கையுமாக ஒருவர் கடைத்தெருவுக்கு வருவார். பதினொன்றரை மணிக்குமேல்தான் வருவார், அதற்கு முன்னால் கூட்டம். கோப்பைக் கண்டதும் நிமாயி நல்ல மீனை எல்லாம் ஈரச் சாக்குக்கு அடியில் தள்ளிவிடுவான். கண் வெளுத்த நாலு பொடி மீனை மேலே பரப்பி, கிலோ நூற்றிருபது என்பான். கோப்பு எழுதிக்கொள்ளும். அந்த விலைக்கு ஒரு கிலோ கொடு என்று கோப்பு ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அது கொள்முதல், அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

அப்படியும் சில பொருள்கள் பிடிவாதமாக ஏறிவிடும். அதற்கு என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை சௌம்யகாந்தியையே கேட்டேன். மனிதர் நல்ல மாதிரி. கோபமே வராது, குரலே உயராது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்.

"ஒரு பொருள் ரொம்ப விலை ஏறினா ஜனங்க அதை வாங்கறதை நிறுத்திடுவாங்க, காகாபாபு." (காகாபாபு என்றால் சித்தப்பா, என்னைத்தான்.)

"ஆமா."

"யாருமே வாங்காத பொருளைக் கூடையில வெச்சிருக்கறது நேர்மை இல்லையே. அதனால எடுத்துடுவோம். அதுக்குப் பதிலா எதை வாங்கறாங்களோ அதை வைப்போம்."

"அதுவும் ஏறினா?"

"அதையும் வாங்க மாட்டாங்க. அதையும் எடுத்துடுவோம்."

"இப்படியே போனா கடைசியில என்னதான் மிச்சம் இருக்கும்?"

"விலைவாசி நிதானமா இருக்கும்" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே.

இந்த நிலையில் ஆனி வெயிலோடு மாப்பிள்ளை சஷ்டி வந்து சேர்ந்தது. வங்காளத்தில் மாமியார்களுக்கு வருஷத்தில் ஒருநாள் வைக்கப்படும் பரீட்சை அது. அன்றைக்கு அரசாங்க ஆபீஸுக்கே விடுமுறை. மாப்பிள்ளையை உட்காரவைத்து, நெற்றியில் தயிர்ப் பொட்டு வைத்து, கையில் மஞ்சள் நூல் கட்டி, ஆறு வகைப் பழம் வைத்து, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே சாப்பாடு போட வேண்டும். வெண்கலத் தட்டைச் சுற்றிக் கிண்ணங்கள் வரிசை கட்ட வேண்டும். மீன் தலை போட்ட பருப்பு, கடுகு அரைத்து வேகவைத்த இலிஷ், தேங்காய்ப்பால் இறால், ஆட்டுக்கறி, மாங்காய்ப் பச்சடி, பாயசம், இனிப்புத் தயிர் எல்லாம் வேண்டும். எந்தக் கிண்ணம் குறைந்தாலும் பெண்ணுக்குக் குறை. என்ன செலவாயிற்று என்று மாப்பிள்ளை கேட்கக் கூடாது, மாமியார் சொல்லக் கூடாது. போன வருஷ விருந்துக்கு ஹிரண்மயீ ஒரு ஜோடி கம்மலைக் கழற்றினார். இந்த வருஷம் கழற்றக் காது மட்டும்தான் மிச்சம்.

சஷ்டிக்கு நாலு நாள் முன்னால் அந்த அம்மாள் மாடிக்கு வந்தார், கையில் பணியகத்தின் அறிக்கை. மூன்று மத்தியானம் உட்கார்ந்து, புருஷனின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டை முதல் அட்டை வரை படித்திருக்கிறார். இணைப்பு நான்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார். 'பண்டிகைக்கால விருந்து (மாப்பிள்ளை சஷ்டி): சென்ற ஆண்டைவிட இரண்டு சதவீதம் குறைவு' என்று இருந்தது.

"தாதா, இதுல என்ன போட்டிருக்கோ அதையே சமைச்சுப் போடப் போறேன்" என்றார். (தாதா என்றால் இங்கே அண்ணன். பயப்பட வேண்டாம்.)

வம்பாகிவிடப் போகிறதே என்றேன். அந்த அம்மாள் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"நான் வாயால சொன்னா மாமியார் குறைப்படறான்னு ஆகும். தட்டைப் பார்த்தா அவருக்கே உறைக்கும். உறைச்சா அந்தப் பச்சைக் கையெழுத்து மாறும். கையெழுத்து மாறினா பஞ்சப்படி வரும், இவர் முழு மாத்திரை சாப்பிடுவார். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நீங்களும் சாப்பிட வந்துடுங்க, பேச்சுக்கு ஆள் வேணும்."

போனேன். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஓசிச் சாப்பாடு என்றால் எனக்கு நியாய அநியாயம் பிறகுதான் தோன்றும்.

சௌம்யகாந்தி புது வேட்டி ஜிப்பாவில், துல்துல்லோடு வந்தார். மாப்பிள்ளை வரும்போது கையில் ஒரு பெரிய மீன் தொங்க வேண்டும் என்பது இந்த ஊர் லட்சணம். அவர் கையில் மீன் இல்லை. மீனைப் போன காலாண்டிலேயே கூடையிலிருந்து எடுத்தாயிற்றாம். அதற்குப் பதிலாக மாமனாருக்கு அறிக்கையின் பைண்டு செய்த ஆண்டுத் தொகுப்பு கொண்டுவந்திருந்தார்.

பொட்டு வைத்தாயிற்று, நூல் கட்டியாயிற்று. பழத்தட்டு வந்தது. தட்டில் ஒரே வாழைப்பழம், ஆறு வில்லைகளாக நறுக்கப்பட்டு, வட்டமாக அடுக்கப்பட்டிருந்தது. துல்துல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மா, ஆறு பழம் வைக்கறது வழக்கம் இல்லையா?" என்றார் மாப்பிள்ளை, பணிவாக.

"ஆறு இருக்கே பாபா. 'பருவகாலப் பழம், ஏதேனும் ஒன்று, ஆறு அலகு.' எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணினார். ஆறு இருந்தது. சாப்பிட்டார்.

அடுத்து வெண்கலத் தட்டும் ஏழு கிண்ணமும் வந்தன. கிண்ணத்தில் ஒன்றும் குறையவில்லை, குறைந்ததெல்லாம் உள்ளே. முதல் கிண்ணத்தில் மீன் தலைப் பருப்பு. பருப்பு இருந்தது, தலை இல்லை. தலை 'விருப்பத்துக்குரியது' என்ற பிரிவில் வருகிறதாம். இரண்டாவதில் தேங்காய்ப்பால் இறால். அதில் தேங்காய்ப்பால் மாதிரி ஒரு வெள்ளைத் தண்ணீரும், இறால் இருந்திருந்தால் எங்கே இருந்திருக்குமோ அங்கே ஒரு கறிவேப்பிலையும் கிடந்தன. மூன்றாவது ஆட்டுக்கறி. வங்காளத்தில் ஆட்டுக்கறிக் குழம்பில் பெரிய உருளைக்கிழங்குத் துண்டு போடாமல் சமைக்க மாட்டார்கள். அந்த உருளைக்கிழங்கு இருந்தது. ஆடு தன் பிரதிநிதியாக அதை அனுப்பிவிட்டு, தான் வராமல் இருந்துகொண்டது.

மாப்பிள்ளை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே வந்தார். ஹிரண்மயீ விசிறிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் கறி போடட்டுமா பாபா என்று உருளைக்கிழங்கைப் போட்டார். அவனீமோகன் யார் முகத்தையும் பார்க்காமல் பருப்பைப் பிசைந்தார். துல்துல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

நாலாவது கிண்ணத்தில் அவர் கை நின்றது. மஞ்சளாகக் கடுகு அரைத்த குழம்பு. அதற்குள் நாலு சோயா உருண்டைகள்.

"இது என்ன மா?"

"இலிஷ், பாபா."

"இலிஷா?"

"பட்டியல் மூணு, அடிக்குறிப்பு ஆறு. 'இலிஷ் கிடைக்காதவிடத்து ரோகு, ரோகு கிடைக்காதவிடத்து பொடி மீன், அதுவும் கிடைக்காதவிடத்து சோயா உருண்டை. புரத அளவின்படி இவை யாவும் மீனே.' உங்க கையெழுத்துதான் கீழே இருக்கு."

விசிறி நின்றுவிட்டது. சௌம்யகாந்தி கிண்ணத்தையே பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் திரண்டது. கடுகின் காரம் என்று முதலில் நினைத்தேன். இல்லை, உதடும் துடித்தது. ஹிரண்மயீ என்னை ஒரு பார்வை பார்த்தார். உறைத்துவிட்டது தாதா என்று அதற்கு அர்த்தம். என்ன இருந்தாலும் மனுஷன்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

சௌம்யகாந்தி எழுந்து, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மாமியாரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மா, ஒன்பது வருஷமா இந்த அறிக்கை வருது. மந்திரி படிச்சதில்லை. எங்க இயக்குநர் படிச்சதில்லை. அடிக்குறிப்பு வரைக்கும் படிச்ச முதல் ஆள் நீங்கதான். படிச்சதோட இல்லாம நடைமுறைப்படுத்தியே காட்டிட்டீங்க."

தழுதழுத்த குரலில் இதைச் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஜிப்பாப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். களச் சரிபார்ப்புப் படிவமாம். அறிக்கையில் உள்ள விருந்தை ஒரு குடும்பமாவது சமைத்துச் சாப்பிட்டிருக்கிறதா என்று தலைமையகத்தில் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். காட்ட ஆள் இல்லாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தாராம்.

"மா, கேட்கக் கூடாதுதான். இருந்தாலும் அரசாங்க விஷயம். மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

ஹிரண்மயீக்கு ரத்தம் தலைக்கேறியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறோம் என்று நினைத்து, "தலைக்கு நாப்பத்தி மூணு ரூபா. போதுமா? எழுதிக்கோங்க" என்றார்.

எழுதிக்கொண்டார். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, வயிறு நிறைந்ததா என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு எதிரே, தன் வீட்டுச் சாப்பாட்டில் வயிறு நிறையவில்லை என்று எந்த மாமனார் சொல்வார்? நிறைந்தது என்றார் அவனீமோகன். அதையும் எழுதிக்கொண்டார். அடுத்தது நான், சுயேச்சையான சாட்சி என்ற கலத்துக்கு. சாப்பாடு எப்படி, காகாபாபு?

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருஷம் ஒரு வங்காளி வீட்டில் இருந்தவனுக்கு, வீட்டுக்காரம்மாள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வாயில் வரும்.

"அமிர்தம்" என்றேன்.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். பேனாவை மூடும்போது ஹிரண்மயீ தாங்க முடியாமல் சொல்லியே விட்டார். "பாபா, உங்க மாமனார் மாத்திரையைப் பாதியா வெட்டித்தான் சாப்பிடறார். ரெண்டு மாசமா."

சௌம்யகாந்தி நிஜமாகவே வருத்தப்பட்டார். முகம் வாடிவிட்டது. "ஐயோ, அது சுகாதாரத் துறை மா. நம்ம கூடையில வராதே" என்றார்.

துல்துல் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அன்று இரவு அவர்கள் வீட்டில் சாப்பாடு இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த மாதச் சராசரியில் அதுவும் ஒரு சேமிப்பாகவே சேர்ந்திருக்கும்.

ஏழாம் தேதி அறிக்கை வந்தது. 'களத்தில் சரிபார்க்கப்பட்ட தகவலின்படி, இலிஷ், இறால், ஆட்டுக்கறி உள்ளிட்ட ஏழு கிண்ண மாப்பிள்ளை விருந்து தலைக்கு நாற்பத்து மூன்று ரூபாயில் திருப்திகரமாக நிறைவேற்றப்பட்டது. சாட்சி: அமிர்தம்' என்று முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அவசரத்தில் என் பெயரையே அமிர்தம் என்று ஆக்கிவிட்டார்கள். பதினெட்டாம் தேதி அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. புதிய குறியீட்டின்படி பஞ்சப்படி இருநூற்றுப் பத்து ரூபாயாக மாற்றியமைக்கப்பட்டிருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறார்கள்.

ஹிரண்மயீ விடுவாரா? நிமாயி கடை, எண்ணெய்க் கடை, மருந்துக் கடை எல்லாவற்றிலும் விலையைச் சீட்டில் எழுதி வாங்கி, பணியகத்துக்கு ஒரு மனு போட்டார். மனு பல மேசைகளில் ஏறி இறங்கி, முறைப்படி உரிய அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தது. உரிய அதிகாரி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பதில் வந்தது.

'வணக்கத்துக்குரிய மா அவர்களுக்கு, தங்கள் மனு உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. இணைக்கப்பட்ட சீட்டுகளில் கண்டவை மனுதாரர் பார்த்த விலைகளே அன்றி வாங்கிய விலைகள் அல்ல. மனுதாரரே தலைக்கு நாற்பத்து மூன்று ரூபாய் என்று வாக்குமூலம் அளித்திருப்பதும், மனுதாரரின் கணவர் வயிறு நிறைந்ததாக ஒப்பமிட்டிருப்பதும் கோப்பில் உள்ளன. எனவே மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. பி.கு: துல்துல் நலம். சஷ்டிக்குக் கொடுத்த மாங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது.'

இதற்குள் ஊரில் வேறொரு கூத்து ஆரம்பித்திருந்தது. அறிக்கையைப் பத்திரிகைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கார் வைத்திருக்கிற வீட்டுப் பெண்மணிகள் எல்லாம் 'எளிய விருந்து' வைக்க ஆரம்பித்தார்கள். உடம்புக்கு நல்லதாம், மனசுக்கு லேசாம். ஆடு இல்லாத ஆட்டுக்கறிக்குச் செய்முறை கேட்டு ஹிரண்மயீயிடம் நாலு பேர் வந்தார்கள். கல்கத்தாவில் ஒரு குளிர்சாதன ஓட்டல் வெண்கலத் தட்டில் 'நினைவில் நின்ற இலிஷ்' என்று அதே சோயா உருண்டையைப் போட்டு, தலைக்கு ஆயிரத்து நானூறு வாங்கியது. இரண்டு வாரத்துக்கு மேசை கிடைக்கவில்லை. இந்த ஆயிரத்து நானூறு உங்கள் கணக்கில் வராதா என்று சௌம்யகாந்தியைக் கேட்டேன். வராதாம், அது உணவு இல்லையாம், கலாசாரமாம்.

ஆவணியில் சௌம்யகாந்திக்குப் பதவி உயர்வு வந்தது. உதவித் துணை இயக்குநர் இனிமேல் துணை இயக்குநர். நாற்பத்து மூன்று ரூபாய்க்காகத்தான் என்று ஆர்டரிலேயே பாராட்டியிருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கீழ் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, கையில் கயிறு கட்டி ஒன்றரைக் கிலோ இலிஷ் தொங்கியது. வெள்ளி மாதிரி பளபளவென்று, வயிறு அகன்று, அப்பேர்ப்பட்ட மீனை நான் இரண்டு மழைக்காலமாகக் கண்ணால் கண்டதில்லை.

"மா, எல்லாம் உங்க ஆசீர்வாதம்" என்றார்.

ஹிரண்மயீ அன்றைக்குத் தீர்மானமாக இருந்தார். மீனை அறுக்கும்போதே என்னிடம் சொன்னார், இன்றைக்கு விடப் போவதில்லை, மூஞ்சிக்கு நேரே கேட்டுவிடப் போகிறேன், மாமியாராவது மண்ணாங்கட்டியாவது என்று. கடுகு அரைத்து, பச்சை மிளகாய் கீறிப் போட்டு வேகவைத்தார். வாசனை மாடிவரைக்கும் வந்து என்னைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தது. நான் மீன் சாப்பிட ஆரம்பித்த கதையைத் தயவுசெய்து கும்பகோணத்தில் சொல்லாதீர்கள்.

உட்கார்ந்தோம். இலிஷ் மீனில் ஒரு சங்கடம் உண்டு, உடம்பெல்லாம் மெல்லிசு மெல்லிசாக முள். வாயைத் திறந்து பேசினால் தொண்டையில் குத்தும். ஆகவே சாப்பிடுகிறவர்கள் பேசுவதில்லை. சௌம்யகாந்தி பேசவில்லை, நான் பேசவில்லை. ஹிரண்மயீ விசிறியோடு வாயைத் திறந்தார். அப்போது அவனீமோகன், இருபத்தாறு வருஷத்தில் தட்டிலிருந்து தலை தூக்கி ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் பார்த்திராத அவனீமோகன், தட்டை லேசாக முன்னால் நகர்த்தி, "இன்னொரு துண்டு இருக்கா?" என்று கேட்டார். சோற்றில் எண்ணெய் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. அவர் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகியிருந்தது. ஹிரண்மயீ திறந்த வாயை மூடிக்கொண்டு, தனக்கு வைத்திருந்த துண்டை எடுத்து அவருக்குப் போட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மீனும் ரொம்ப ருசியாக இருந்தது.

கை கழுவினதும் படிவம் வந்தது. பதவி உயர்ந்தாலும் மனிதர் கடமையை விடவில்லை. இந்தக் குடும்பம் இன்று என்ன உண்டது? இலிஷ். எவ்வளவு? ஒன்றரைக் கிலோ. குடும்பம் கொடுத்த விலை? அவர் ஒரு கணம் யோசித்தார். அவர்தானே வாங்கி வந்தார், குடும்பம் ஒரு காசும் கொடுக்கவில்லையே. 'பூஜ்யம்' என்று எழுதினார். சாப்பாடு எப்படி என்று கேட்டபோது, இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. கழுவியும் போகாத எண்ணெய்க் கையோடு எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

ஏழாம் தேதி அறிக்கையில் வந்தது. 'ஓய்வூதியர் இல்லங்களில் இலிஷ் நுகர்வு மீட்சி அடைந்துள்ளது. சராசரி விலை: பூஜ்யம்.' பதினெட்டாம் தேதி அறக்கட்டளையும் எழுதியது. இலிஷ் மீனே இலவசமாகக் கிடைக்கும் பொற்காலத்தில் பஞ்சப்படி என்ற சொல்லே பொருந்தாது என்பதால், இம்மாதம் முதல் அது நிறுத்தப்படுகிறது. இதுவரை ஒத்துழைத்தமைக்கு நன்றி.

மறுநாள் ஹிரண்மயீ மாடிக்கு வந்தார். அழுவார் என்று நினைத்துத் தேற்ற நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் அழவில்லை. ஒரு காகிதத்தை நீட்டினார். சுத்தமான ஆபீஸ் பாஷையில் இருந்தது. 'மேற்படி மாடியில் வசிக்கும் மேற்படி குடித்தனக்காரர் மேற்படி வாடகையுடன் மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டியது.' மூன்று மாதம் அறிக்கை படித்ததில் அந்த அம்மாளுக்கு நடை நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

ஆலையே இல்லாத ஆலையிலிருந்து எனக்கு வருவது எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். வாதாடினேன். வாதாடும்போது என் கை தானாக மேசைமேல் கிடந்த அறிக்கையை எடுத்தது. கூசாமல் எடுத்தது.

"என்னம்மா இது அநியாயம்? விலைவாசிதான் ஏறவே இல்லையே. அரசாங்கமே எழுதியிருக்கு, பாருங்க."

"வாடகை கூடையில வராது, தாதா. அடிக்குறிப்பு ஒன்பது."

பார்த்தேன். வராதுதான். பச்சை மையில் கையெழுத்தும் இருந்தது.

"அன்னிக்கு இலிஷ் எப்படி இருந்துது?" என்றார் ஹிரண்மயீ.

"அமிர்தம்" என்றேன். வேறென்ன சொல்வது?

"அப்போ இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். இப்போது அவனீமோகன் முழு மாத்திரை சாப்பிடுகிறார், அழுத்தம் இறங்கிவிட்டது, முகமும் தெளிந்திருக்கிறது. போன வாரம் மாடி ஏறி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது காகிதத்தில் மடித்த பிளேடை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மாத்திரையைப் பொடியாகாமல் வெட்ட அது ஒன்றுதான் சரிப்படுமாம்.